கிட்டங்கித் தெருவில் ஒன்பது நாள் தாமதம்

கிட்டங்கித் தெருவின் நடுவே, மின்கம்பத்துக்கும் சாக்கடைக்கும் இடையில் நின்ற சாம்பல் நிற இரும்புப் பெட்டிக்குக் கதவு இருந்தது, கதவுக்குப் பூட்டு இருந்தது, பூட்டுக்குரிய சாவியும் உலகத்தில் எங்கோ ஒரு மேசை இழுப்பறையில் இருந்தது. இந்த மூன்றையும் ஓரிடத்தில் கொண்டுவந்து சேர்க்கும் ஆள்தான் இல்லை. தண்ணீர் லாரி ஒன்று பின்னால் எடுக்கும்போது இடித்ததில் கதவின் மேல் கீல் கழன்று, நாற்பத்தோரு வீடுகளுக்குக் கேபிள் டிவியும் இணையமும் கொண்டுபோகும் வயர்கள் குடல் சரிந்ததுபோல வெளியே தொங்க, யாரோ ஒரு புண்ணியவான் கதவை ஒரு துண்டு வயராலேயே கட்டிவைத்தார், யாரோ ஒரு புண்ணியவதி மறுநாளே அவிழ்த்துவிட்டாள். அவிழ்த்தவள் பூக்காரி செல்லக்கனி. பெட்டிக்குள்ளே சூடு தணிக்க ஒரு சின்ன விசிறி இரவும் பகலும் ஓடியது. மல்லிகை வாடாமல் இருக்க அந்தத் தெருவில் அதைவிட நல்ல இடம் இல்லை என்பதை அவள் கண்டுபிடித்திருந்தாள்.

பெட்டி யாருடையது என்பதில் மூன்று கொள்கைகள் இருந்தன. பழைய கேபிள்காரர் தான் அதை விற்றுவிட்டதாகச் சொன்னார். வாங்கிய பிராட்பேண்ட் கம்பெனி, வயரைத்தான் வாங்கினோம், பெட்டியை வாங்கவில்லை என்றது. நகராட்சி, பெட்டி நிற்கும் மண் மட்டுமே தன்னுடையது என்றும், மண்ணில் குறை ஏதும் இருந்தால் தெரிவிக்கலாம் என்றும் எழுத்து மூலமாகவே பதில் தந்தது.

ஐப்பசியின் இரண்டாவது மழைக்கு மறுநாள் காலை, அந்தப் பெட்டிக்கு நேர் எதிரே குடியிருந்த பூரணம் தன் கணவர் தில்லைநாயகத்துக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது, "வாயைத் திறங்க" என்று அவள் சொன்னது, அவர் வாயைத் திறந்து கஞ்சியை வாங்கி விழுங்கி முடித்த பிறகு வந்து சேர்ந்தது. அவள் கரண்டியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மழை ஈரத்தில் காது அடைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு அடுத்த கரண்டியை எடுத்தாள். தில்லைநாயகம் பருத்தி மண்டியில் முப்பத்தாறு வருஷம் எடைக் குமாஸ்தாவாக இருந்தவர். கண்கள் இரண்டையும் சர்க்கரை எடுத்துக்கொண்டது, வலது பக்கத்தை வாதம் எடுத்துக்கொண்டது. மிச்சம் விட்டுவைத்தது இரண்டு காதும், பாதி வாயால் பேசும் ஒரு பேச்சும்தான், அதை வைத்துக்கொண்டே அவர்கள் இருவரும் நாலு வருஷம் குடித்தனம் நடத்தினார்கள்.

தீபாவளிக்குள் தாமதம் கால் மணி நேரமாயிற்று, தீபாவளி கழிந்து அரை நாளாயிற்று, கார்த்திகை பிறந்தபோது ஒன்பது நாளைத் தொட்டு அங்கேயே நின்றுவிட்டது. ஒன்பது ஏன் என்று ஆராய்ந்தவர்கள் கிரகங்கள் ஒன்பது என்றார்கள், உடம்பின் வாசல்கள் ஒன்பது என்றார்கள், பெட்டிக்குள் வயர்கள் ஒன்பது வரிசையாக இருப்பதாக ஒருவர் அடித்துச் சொன்னார். எண்ணிப் பார்த்தபோது அவை பதினொன்று. தாமதித்தது மனிதர் வாயிலிருந்து வருவது மட்டுமே. நாய் அன்றைக்குக் குரைத்ததை அன்றைக்கே கேட்கலாம், குக்கர் விசிலுக்குக் குறைவில்லை, டிவி இம்மி பிசகவில்லை. உண்மையைச் சொன்னால் அந்தப் பெட்டி அத்தனை வருஷத்தில் அவ்வளவு தெளிவாகப் படம் காட்டியதே இல்லை. வாய் மட்டும் அசையும், ஓசை வராது, அந்த இடத்தில் ஒன்பது நாளுக்கு முந்திய காலையோ மாலையோ வந்து பேசிவிட்டுப் போகும்.

தெரு இதற்குப் பழகியது. கீரைக்காரர் வந்துபோன ஒன்பதாம் நாள் பெண்கள் கிண்ணத்தோடு வாசலுக்கு ஓடிவந்து ஏமாந்ததில், அவர் மிதிவண்டிக்கு மணி வாங்கிக் கட்டினார். புருஷன் பெண்டாட்டி சண்டைகள் குறைந்தன, ஏனென்றால் ஒன்பது நாள் ஒரு கோபத்தை ஆறாமல் வைத்திருக்கப் பெரும்பாலோருக்குப் பொறுமை இல்லை. வைத்திருந்த இரண்டு குடும்பங்கள் பிரிந்தன. தன் குரல் தனக்கே கேட்காததால் எல்லோரும் தம்மையறியாமல் உரக்கப் பேசப் பழகினார்கள். அன்றைய பேச்சை அன்றைக்கே பேச வேண்டியவர்கள், பெட்டியின் வயர் எட்டாத தெருமுனை டீக்கடைக்குப் போனார்கள். நடக்க முடியாதவர்கள் சிலேட்டில் எழுதிக் காட்டினார்கள். கண் தெரியாமலும் நடக்க முடியாமலும் இருந்தவர் அந்தத் தெருவில் ஒருவர்தான்.

இதையெல்லாம் மிஞ்சியது முன்பேச்சு. ஒன்பது நாள் கழித்து எந்த மணிக்கு எந்த வார்த்தை தேவைப்படும் என்று யோசித்து, அதை இன்றைக்கே அதே மணிக்குப் பேசிவைப்பது. தாய்மார்கள் காலை ஏழரைக்கு ஆளில்லாத கூடத்தைப் பார்த்து, "சாக்ஸைப் போடு, நேரமாச்சு" என்பார்கள். ஒன்பதாம் நாள் ஏழரைக்குப் பிள்ளை சாக்ஸைப் போடும். இந்தக் கலையில் கரை கண்டவர் பூரணத்தின் எதிர்வீட்டுக் குலசேகரன், கூட்டுறவு வங்கியில் வேலை பார்ப்பவர். அவர் அதற்கென்றே ஒரு நோட்டு வைத்திருந்தார். எந்தத் தேதி, எத்தனை மணி, என்ன வாக்கியம், எதிராளி பதில் சொல்ல எவ்வளவு இடைவெளி என்றெல்லாம் அதில் எழுதியிருக்கும். அவருக்கு அந்தக் கவனம் தேவைப்பட்டது. மகள் சுகன்யாவை முதலில் பெண் பார்க்க வந்தவர்கள் போனதும், குலசேகரனின் மனைவி மரகதம், "மாப்பிள்ளை தலையில முடியை எண்ணிரலாம் போலிருக்கே" என்று சொல்லிச் சிரித்தாள். அது சரியாக ஒன்பதாம் நாள், அடுத்த வரன் தன் பளபளக்கும் தலையோடு நாற்காலியில் உட்கார்ந்து கேசரியை வாயில் வைத்தபோது கூடம் நிறையக் கேட்டது.

அன்று மாலை குலசேகரன் டீக்கடையில் நின்று கம்பெனிக்குப் போன் போட்டு, ஊருக்கே கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார்.

"சார், உங்க இணையம் வேலை செய்யுதா?"

"செய்யுது. பேச்சுதான் வரல."

"எந்தச் சேனல்ல சார் பேச்சு வரல?"

"சேனல்லலாம் நல்லா வருதும்மா. எங்க வாயில இருந்து வர்றதுதான் வரல."

ஒரு நிமிஷம் பாட்டு ஓடியது. பிறகு அந்தப் பெண், "வாய் எங்க சேவைக்குள்ள வராது சார், உங்க புகார் முடித்துவைக்கப்பட்டது, நன்றி" என்றாள்.

அவருக்குப் பின்னால் தன் முறைக்காகக் காத்து நின்ற பூரணத்துக்கு அது பதினோராவது புகார். அவளுக்கும் அதே பாட்டு, அதே நன்றி.

வீட்டில் அவளும் தில்லைநாயகமும் விரல்களால் ஒரு பாஷை செய்துகொண்டார்கள். அவருடைய இடக் கையில் அவள் தொட்டால் தண்ணீருக்குக் கட்டைவிரல், கஞ்சிக்கு நடுவிரல், மாத்திரைக்குச் சுண்டுவிரல், புரட்டிப் படுக்கவைக்க உள்ளங்கை. ஒரு நாளை ஓட்ட அது போதும். மீதிப் பேச்சை அவர்கள் ஒன்பது நாள் பழசாகவே கேட்டுக்கொண்டார்கள். அவர் அவளைத் திட்டியது, திட்டின காரணம் மறந்த பிறகு வந்தது. அவள் சமாதானம் சொன்னது அதற்கும் ஒன்பது நாள் பிந்திப் போய்ச் சேர்ந்தது.

கார்த்திகையில் ஒரு வியாழக்கிழமை டாக்டர் வந்து பார்த்துவிட்டு அவளைத் தெருமுனைக்கு அழைத்துப் போனார்.

"ஸ்கேன்ல ரத்தக்கட்டு தெரியுது. மதுரைக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் பண்ணினா பிழைக்கிறது பாதிக்குப் பாதி. வழியிலயே ஏதாவது ஆனாலும் ஆகலாம். பண்ணலேன்னா வீட்டுலயே நிம்மதியா இருப்பாரு, எத்தனை நாள்னு நான் சொல்ல முடியாது. பத்து நாளைக்கு மேல தள்ளக் கூடாதும்மா. மதுரைக்குன்னா தவிர அவரை அசைக்கவும் கூடாது."

"நான் என்ன டாக்டர் சொல்ல? அவரு உசுரு."

"அவர்கிட்டயே கேளுங்க. புத்தி தெளிவாத்தான் இருக்கு."

பூரணம் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். கேள்வி போய்ச் சேர ஒன்பது நாள், பதில் திரும்பி வர ஒன்பது நாள். டாக்டர் கொடுத்தது பத்து. விரலில் கேட்கலாமென்றால் தண்ணீருக்கு விரல் இருந்தது, மாத்திரைக்கு விரல் இருந்தது, மதுரைக்கு விரல் இல்லை. அவள் விறுவிறுவென்று வீட்டுக்குப் போய், ஒரு நிமிஷத்தையும் வீணாக்கக் கூடாது என்ற அவசரத்தில், கட்டிலின் கால்மாட்டில் நின்றபடியே, காலை பத்தரை மணிக்கு, தனக்கே கேட்காத கேள்வியைக் கேட்டுமுடித்தாள். சோறு வடித்துக்கொண்டிருந்த பன்னிரண்டு மணிக்குத்தான் அவளுக்கு உறைத்தது: பதிலை வாயால் சொன்னால்தானே ஒன்பது நாள், கையால் சொன்னால் அந்த நிமிஷமே தெரிந்துவிடுமே. கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து, "மதுரைன்னா என் கையை ஒரு தடவை அமுக்குங்க, வீடுன்னா ரெண்டு தடவை" என்று சேர்த்துச் சொன்னாள். ஒன்றரை மணி நேரம் பிந்தினால் என்ன, ஒன்பதாம் நாளில் அதுவும் வந்துவிடும், அதற்குப் பிறகும் ஒரு நாள் மிச்சம் இருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டு, மதுரை என்றால் வேண்டுமே என்று ஒரு வாடகைக் கார் டிரைவரிடம் சொல்லிவைத்தாள், பையில் இரண்டு வேட்டியை எடுத்து வைத்தாள், மறுபடி வெளியே எடுத்து வைத்தாள்.

ஒன்பதாம் நாள் சனிக்கிழமை பத்தரைக்கு அவள் கட்டிலின் தலைமாட்டில் அவருடைய இடக் கையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். எதிர்வீட்டு ஜன்னலில், குலசேகரனும் மரகதமும் பட்டு உடுத்தி, காலி நாற்காலிகளைப் பார்த்துக் கும்பிட்டு வாயசைத்துக்கொண்டிருந்தார்கள். ஒன்பது நாள் கழித்து அதே நேரத்துக்கு ஒரு புது வரன் வருவதாக இருந்தது. சரியாகப் பத்தரைக்கு அவளுடைய பழைய குரல் கால்மாட்டிலிருந்து வந்தது: "இந்தா பாருங்க, டாக்டர் வந்துட்டுப் போறாரு. மதுரைக்குப் போய் ஆபரேஷன் பண்ணிப் பார்ப்போமா, இல்ல இங்கேயே என் பக்கத்துலயே இருந்துருதீங்களா? பயப்படாமச் சொல்லுங்க." தில்லைநாயகம், தன் கையைப் பிடித்திருந்தவளை விட்டுவிட்டு, கால்மாட்டில் ஒன்பது நாளுக்கு முன் நின்றவளை நோக்கி முகத்தைத் திருப்பினார். நிதானமாக யோசித்தார். பிறகு பாதி வாயால், ஏழெட்டு வார்த்தை இருக்கும், சொன்னார். சொல்லி முடித்த நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது. பூரணம் குனிந்து உதட்டையே பார்த்தாள், கோணின உதட்டில் ஒன்றும் பிடிபடவில்லை. என்ன சொன்னீர்கள் என்று கேட்டாள். அவர் இரண்டு முறை பெரிதாக மூச்சு விட்டார், மூன்றாவதை விடவில்லை.

தான் கத்துகிறோம் என்பது தொண்டை வலித்ததில்தான் அவளுக்குத் தெரிந்தது. யாருக்கும் கேட்காது என்பதும் தெரிந்து, எவர்சில்வர் தட்டை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிக் கரண்டியால் அடித்தாள். குலசேகரன் பட்டு வேட்டியோடு ஓடிவந்தார். பன்னிரண்டு மணிக்கு, வாசலில் பந்தல் போட ஆள் வந்து கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது, "மதுரைன்னா என் கையை ஒரு தடவை அமுக்குங்க, வீடுன்னா ரெண்டு தடவை" என்று வீட்டுக்குள்ளிருந்து அவள் குரல் தெளிவாகக் கேட்டது. கயிறு கட்டியவன் கையை நிறுத்திவிட்டு நின்றான்.

அன்றிலிருந்து அவளுக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்று: காத்திருப்பது. மதுரை என்று அவர் சொல்லியிருந்தால், ஒன்பது நாள் அவள்தான் அவரைக் கட்டிலில் போட்டு வைத்திருந்து கொன்றாள். வீடு என்று சொல்லியிருந்தால், தூங்கலாம். இரண்டில் எது என்று ஒன்பதாம் நாள், திங்கட்கிழமை பத்தரை மணிக்குத் தெரியும்.

சனிக்கிழமையன்று, ஏழாம் நாள், கம்பெனி வண்டி வந்தது. பதினோரு புகாருக்கு வராத வண்டி, மேலதிகாரி ஒருவருடைய மாமனார் பின் தெருவுக்குக் குடிவந்ததால் வந்தது. ஜெபசிங் என்ற டெக்னீஷியன் புதுக் கதவையும் முக்கோணச் சாவியையும் கையில் பிடித்துக்கொண்டு இறங்க, செல்லக்கனி மல்லிகை மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஒதுங்க, தெருவே கூடி நின்று கைதட்டியது. பூரணம் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, அவன் சட்டையைப் பிடித்து, டீக்கடைவரை இழுத்துக்கொண்டு போனாள்.

"தம்பி, இதைப் பூட்டினா என்ன ஆகும்?"

"சரியாயிரும்மா. ஏற்கனவே ரெண்டு தெருவுல பார்த்துட்டேன். பூட்டின நிமிஷமே பேச்சு நேராயிரும்."

"இடையில நிக்கிற பேச்சு?"

"அது போயிரும். எங்க போகும்னு கேக்காதீங்க, எனக்குத் தெரியாது."

"திங்கக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கோய்யா. எங்க வீட்டுக்காரரு கடைசியாச் சொன்னது உள்ள இருக்கு."

"இன்னைக்கே முடிச்சதா நான் போட்டோ அனுப்பணும்மா. என் வேலை போயிரும்."

இத்தனை நாள் கம்பெனியோடு மல்லுக்கு நின்ற குலசேகரன் பின்னாலேயே வந்திருந்தார். அவர் கதவை உடனே பூட்டச் சொல்வார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"யப்பா, கதவை மாட்டு, பூட்டாமச் சாத்தி வச்சுப் போட்டோ எடுத்துக்கோ. திங்கக்கிழமை பதினொரு மணிக்கு நீ வந்து பூட்டு. அதுவரைக்கும் நான் பெட்டி பக்கத்துலயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துக்கிடுதேன்."

"தம்பி, உங்க பொண்ணு காரியம்…" என்றாள் பூரணம்.

"அவங்களை அடுத்த மாசம் வரச் சொல்லிட்டேன் மதினி. எதிர்வீட்டுல இழவை வச்சுக்கிட்டு நான் கேசரி கொடுக்கவா? அண்ணாச்சி என்ன சொன்னாருன்னு நீங்க கேளுங்க. ஒரு ஈ எறும்பு சத்தம் போடாம நான் பாத்துக்கிடுதேன்."

பார்த்துக்கொண்டார். திங்கட்கிழமை காலை அவர் வீடு வீடாகச் சீட்டு கொடுத்து டிவியை நிறுத்தச் சொன்னார், தண்ணீர் லாரியை முக்கிலேயே மறித்தார், மிக்ஸியையும் குக்கரையும் ஓயவைத்தார், கீரைக்காரரின் மணிக்குத் துணி சுற்றினார். பத்து மணிக்கெல்லாம் நாற்பத்தோரு வீட்டுச் சனமும் பூரணத்தின் வாசலில் வந்து செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றது. அந்தத் தெரு உண்டான நாளிலிருந்து அப்படி ஒரு அமைதியைக் கண்டதில்லை. பூரணம் வெறும் கட்டிலின் தலைமாட்டில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆனால் வரவிருந்தது இன்றைய காற்றில் போன பேச்சல்ல, அன்றைய காற்றில் போனது. இன்றைக்கு எத்தனை பேர் வாயைப் பொத்தினாலும் அன்றைக்குத் திறந்திருந்த வாய்கள் திறந்தே இருந்தன. பத்தரை அடித்தது. கட்டிலிலிருந்து, பாதி வாயால், "பூரணம்…" என்றது தில்லைநாயகத்தின் குரல். அதே நொடியில் எதிர்வீட்டிலிருந்து, தெருவே அதிர, "வாங்க, வாங்க! உள்ள வாங்க! வழி கண்டுபிடிக்கச் சிரமம் ஒண்ணும் இல்லையே?" என்றது குலசேகரனின் குரல்.

நாற்காலியிலிருந்து எழுந்த குலசேகரன் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டார். பொத்தின கைக்கு அப்பால் அவர் குரல் தொடர்ந்து உபசரித்தது. "அட, செருப்பு அங்கேயே கிடக்கட்டும்! மரகதம், யாரு வந்திருக்கா பாரு!" அதற்குக் கீழே, தண்ணீருக்கு அடியில் கல் உருள்வதுபோல, தில்லைநாயகம் பேசிக்கொண்டிருந்தார். "வாங்க மதினி, உட்காருங்க, ஃபேனைக் கூட்டவா? காபிக்குச் சீனி போடலாம்லா?" என்றாள் அன்றைய மரகதம், இன்றைய மரகதம் தன் வீட்டுக்குள் ஓடி, சத்தம் வரும் கூடத்தில் நின்று, காற்றை முந்தானையால் அடக்கப் பார்த்தாள். மாப்பிள்ளையின் அப்பா சொல்லப்போகும் ஏதோ ஒரு நகைச்சுவைக்காகக் குலசேகரன் நோட்டில் எழுதி வைத்திருந்த சிரிப்பை இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். சிரிப்பு முடிந்தது. விருந்தாளிகள் பதில் சொல்லட்டும் என்று நோட்டுப்படி ஒரு இடைவெளி விடப்பட்டிருந்தது, அந்தச் சுத்தமான இடைவெளியில், ஒரு எழுத்துப் பிசகாமல், பூரணத்தின் குரல் கேட்டது: "என்னங்க? என்ன சொன்னீங்க?"

அதன் பிறகு இரண்டு மூச்சு நேரம் சென்று அவளுடைய அலறல் வந்தது. அது வரும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தும், ஒருவரும் அதற்குத் தயாராக இல்லை, அவளும் இல்லை. ஒன்பது நாளாகத் தொண்டையில் மட்டும் இருந்ததை அவள் அப்போதுதான் முதல்முறையாகக் காதால் கேட்டாள்.

பதினொரு மணிக்கு ஜெபசிங் வந்து, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் கதவைப் பூட்டினான். பேச்சு நேராயிற்று. தெரு அதைக் கவனிக்க வெகு நேரமாயிற்று, ஏனென்றால் யாரும் பேசவில்லை.

சாயங்காலம் குலசேகரனும் மரகதமும் வந்து பூரணத்தின் வாசலில் நின்றார்கள். அவர் வாயைத் திறந்தார், சொன்ன நிமிஷமே கேட்டுவிடுமே என்று பயந்தவர்போல மூடிக்கொண்டார்.

"அந்த நோட்டு இருக்கா தம்பி?" என்றாள் பூரணம்.

"மதினி…"

"அன்னைக்குப் பேசினதெல்லாம் அதுல எழுதியிருக்குல்லா? வரி வரியா?"

"எழுதியிருக்கு."

"அப்ப உங்க வீட்டுல நின்னு மறுபடி பேசுங்க. அன்னைக்கு மாதிரியே, அதே சத்தத்துல. உங்க பேச்சு எது எதுன்னு எனக்குச் சரியாத் தெரிஞ்சா, அதைக் கழிச்சிட்டு மிச்சம் நிக்கிறது அவரு பேச்சு."

 மரகதம் குலசேகரனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். எதிர்வீட்டில் விளக்கு எரிந்தது, காலி நாற்காலிகள் வரிசையாகப் போடப்பட்டன, "வாங்க, வாங்க! உள்ள வாங்க!" என்று தழுதழுத்த குரல் தெருவைத் தாண்டி வந்தது. கட்டிலின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த பூரணம் ஜன்னலைப் பார்த்து, தழுதழுக்காமல் பேசும்படி கையைக் காட்டினாள். அவர்கள் முதலிலிருந்து தொடங்கினார்கள். வழியை விசாரித்தார்கள், செருப்பை அங்கேயே போடச் சொன்னார்கள், ஃபேனைக் கூட்டவா என்றார்கள், சீனியைக் கேட்டார்கள், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார்கள். இடைவெளி வந்ததும் நிறுத்தினார்கள்.

பூரணம் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். விரல்களை மடக்கி மடக்கி எதையோ எண்ணிக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு தடவை, தம்பி" என்றாள்.